இறங்காத மேல்வீட்டுக்காரர்

கட்டடம் எழும்பும் இடத்தில் முதலில் குடியேறுகிறவர் அவர்தான். கீழே அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டி முடிப்பதற்குள் டவர் கிரேனை நிறுத்திவிடுவார்கள். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவர். கட்டடம் வளர வளரக் கிரேனும் வளரும், அவரும் மேலே போவார். எல்லாம் முடிந்து வீடு வாங்கியவர்கள் சாவிக்கு வந்து நிற்கும்போது அவர் காலி செய்துகொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருப்பார். யாரையும் கேட்காமல், வாடகை என்று ஒன்று கொடுக்காமல், எந்தக் கட்டடத்துக்கும் மேலே குடியிருக்கிற ஆள் என்பதால் கம்பி கட்டுகிறவர்கள் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கம்பெனி மாறினாலும் பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயரோடு ஒரு புகழும் போய்ச் சேரும். மேல்வீட்டுக்காரர் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் இறங்கவே மாட்டார். மற்ற கிரேன்காரர்கள் அப்படி இல்லை. வயிறு என்றும் தலைவலி என்றும் டீ என்றும் இறங்குவார்கள். இறங்கி ஏறுவதற்குள் கீழே கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு நிற்கும், மேஸ்திரி வாயில் வந்ததைச் சொல்வார், இன்ஜினியர் அதைவிட மோசமாகச் சொல்வார். மேல்வீட்டுக்காரர் இருக்கும் சைட்டில் அந்தத் தொல்லை கிடையாது. புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கு முதல் நாளே அவரைக் கைகாட்டிச் சொல்லிவிடுவார்கள். அவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் மேலே இருந்து கையை லேசாகத் தூக்குவார். அதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

இதில் யோக சாதனை ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு ஒரு பாட்டில். அகல வாய் உள்ள பழைய ஜூஸ் பாட்டில், நாற்காலிக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருப்பார். இரண்டுக்கு ஒரு பொடி. இதையெல்லாம் சொல்லக் கூச்சப்பட்டால் இந்த மனிதரின் கதையைச் சொல்லவே முடியாது. ஆகவே கேட்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேட்க வேண்டும்.

பொடி வந்த விதம் இது. இளவயதில், கிரேனில் ஏறிய புதிதில், ஒரு நாள் நடுப்பகலில் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. கொக்கியில் பக்கெட் நிறையக் கான்கிரீட் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு ஏணியில் விழுந்தடித்து இறங்கினார். வயிறு அடங்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி ஏறி வருவதற்குள் வெயிலில் கான்கிரீட் இறுகிப் பக்கெட்டோடு பாறையாகிவிட்டது. இன்ஜினியர் எல்லார் முன்னிலையிலும், "வயித்தைக் கட்டத் தெரியாதவன் எதுக்குடா மேல ஏறினே?" என்று கேட்டார். அதைவிட, பக்கெட்டை உளியால் உடைத்துச் சுத்தம் செய்த ஆட்கள் ஒவ்வொரு துண்டுக்கும் அவர் பெயரைச் சொல்லிச் சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே மருந்துக்கடையில் கேட்டுப் பேதிப் பொடி வாங்கினார். படுக்கும்போது ஒரு கரண்டி. விடியும் முன் எல்லாம் தண்ணீராகப் போய்விடும். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வயிற்றை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். மேலே பகலில் இரண்டு பிஸ்கட், கொஞ்சம் டீ, அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கியது, தலை நரைத்த பிறகும் நிற்கவில்லை.

மனைவிக்கு இது தெரியும், ஆனால் பொருட்படுத்தவில்லை. அவள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவள் வழி வேறு. ஊரில் எந்த முனையில் எந்தக் கழிப்பறை சுத்தம், எந்தக் கடைக்காரர் சாவியை முகம் சுளிக்காமல் கொடுப்பார், எந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவசரம் என்றால் விசிலை ஊதி பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, "ரெண்டு நிமிஷம், யாரும் இறங்கிடாதீங்க" என்று பயணிகளுக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போய் வருவாள். பஸ் நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள். அவளுக்கு ஒரு வெட்கமும் கிடையாது. "போறதுக்கு எதுக்கு வெக்கம்? போகாமத் திரியறவங்கதான் வெக்கப்படணும்" என்பாள். புருஷன் விஷயத்தில் இது எவ்வளவு பொருத்தமாகப் போய் முடியும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச வருஷமாகவே அவருக்குப் பின்னால் தொந்தரவு. எரிச்சல், வலி, சில நாள் ரத்தம். நம் ஆட்களுக்குப் பின்பக்கத்தில் எது வந்தாலும் அதற்குப் பெயர் மூலம்தான், அவரும் மூலம் என்று தானே தீர்ப்பு எழுதிக் களிம்பு வாங்கிப் பூசினார். பிறகு, பொடி சாப்பிட்டும் முக்க வேண்டியிருந்தது. தண்ணீர் கூடப் பீச்சுக்குழலில் வருகிற மாதிரி மெல்லியதாக வந்தது. அவர் யோசித்தார். வழி சின்னதாகிவிட்டது, அப்படியானால் போவதை இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டும். ஒரு கரண்டி ஒன்றரை ஆயிற்று, ஒன்றரை இரண்டாயிற்று. கேட்டால் நியாயமாகத்தான் படும். மொத்தக் கோளாறும் அந்த நியாயத்தில்தான் இருந்தது.

குட்டு வெளிப்பட்டது மச்சான் வீட்டில். மனைவியின் தம்பி புது வீடு கட்டிக் குடிபோய், வந்து இரண்டு நாள் தங்கச் சொல்லியிருந்தான். லீவுதானே, யார் மேலே ஏறப் போகிறார்கள் என்று பொடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் ஒன்றும் போகவில்லை. அதற்கு மறுநாள் காலையில் மச்சான் வீட்டுப் புதுக் குளியலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. வெளியே மச்சான் குடும்பம் துண்டும் பிரஷ்ஷுமாக வரிசையில் நின்றது. முதலில் தொண்டையைச் செருமினார்கள். பிறகு கதவைத் தட்டினார்கள்.

"மாமா, உள்ள குழாய் ஏதாவது வேலை செய்யலையா?" என்றான் மச்சான்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே இருந்து முனகல் வந்தது.

மனைவி எல்லாரையும் ஒதுக்கிவிட்டுக் கதவருகில் வாயை வைத்து, "தாழ்ப்பாளை எடுங்க" என்றாள். எடுத்தார். வேர்த்து விறுவிறுத்து, முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஆட்டோவில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்த டாக்டர் வழுக்கைத் தலையும் தூங்குகிற குரலுமான மனிதர். உலகத்தில் எதுவும் அவரை ஆச்சரியப்படுத்தாது என்று பார்த்தாலே தெரியும். எனிமா கொடுத்து, ஒரு வழியாக வயிறு காலியான பிறகு விசாரித்தார்.

"சுலபமா இறங்குதா?"

மேல்வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் பழக்கமான கேள்வி. "நான் நடுவுல இறங்கறதே இல்லைங்க. சாயங்காலம்தான்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் கேக்கறது உங்களை இல்ல. மலம் இறங்குதான்னு கேக்கறார்."

பரிசோதிக்கும்போது டாக்டர் ஒரு விரலுக்கு முயன்றார், பிறகு சுண்டு விரலுக்கு மாறினார், அதுவும் நுனியோடு நின்றுவிட்டது. மேல்வீட்டுக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியின் கூரை பூச்சு சரியில்லை என்று அப்போதும் அவர் கண்ணுக்குப் பட்டது.

"மூலம் இல்ல. ஆசனவாய் சுருங்கிப் போச்சு. இத்தனை நாள் என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

சொன்னார். எத்தனை வருஷமாக என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "வயித்தைச் சுத்தமாத்தாங்க வெச்சிருந்தேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

"அதான் வினையே. உருட்டா, கெட்டியா ஒண்ணு தினம் வந்து போனாத்தான் அந்த வழி விரிஞ்சு கொடுத்துப் பழகும். நீங்க கதவையே திறக்காம, கதவிடுக்குல தண்ணி விட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. தண்ணி எரிச்சுப் புண்ணாக்கிருக்கு, புண்ணு ஆறித் தழும்பாயிருக்கு, தழும்பு இறுகிக்கிட்டே போயிருக்கு."

பொடியைக் கூட்டியதைச் சொல்லலாமா வேண்டாமா என்று மேல்வீட்டுக்காரர் யோசித்தார். மனைவி சொல்லிவிட்டாள்.

வைத்தியம் இதுதான். மயக்கம் கொடுத்து ஒரு தடவை டாக்டரே மெதுவாக விரித்துவிடுவார். அதன் பிறகு வீட்டில் தினமும் அவரே செய்துகொள்ள வேண்டும். அதற்கு மழமழவென்று, ஒன்றைவிட ஒன்று தடிமனாக, சில பிளாஸ்டிக் கம்பிகள். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து எழுந்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, களிம்பு தடவி, மூச்சை விட்டுக்கொண்டே உள்ளே செலுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுக்க வேண்டும். பேதிப் பொடி வீட்டிலேயே இருக்கக் கூடாது. கீரை, பழம், நார்ச்சத்துப் பொடி, தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர்.

"இதெல்லாத்தையும்விட ஒண்ணு முக்கியம். வந்தா போகணும். அந்த நிமிஷமே போகணும். அடக்கினீங்கன்னா உள்ள காய்ஞ்சு கல்லாயிடும், போகும்போது மறுபடியும் கிழிக்கும், மறுபடியும் தழும்பு. இது கேக்கலைன்னா ஆபரேஷன்தான். தழும்பை அறுத்துட்டு, பக்கத்துத் தோலை நகர்த்தி உள்ள வெச்சுத் தைக்கணும். ரொம்ப நாளைக்கு நாற்காலியில உக்கார முடியாது."

கடைசி வாக்கியம் மட்டும் மேல்வீட்டுக்காரரின் காதில் நின்றது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் ரொம்ப நாள் உட்காரவில்லை என்றால் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். இந்த வயதில் எழுந்த ஆளை மறுபடி ஏற்ற எந்தக் கம்பெனியும் யோசிக்கும்.

டாக்டர் மயக்கம் கொடுத்து விரித்துவிட்டு அனுப்பிய பிறகு, வீட்டில் மனைவி கம்பிகளைக் கழுவித் துடைத்துத் துணிப்பையில் போட்டு, பீரோவில் தன் டிக்கெட் பைக்குப் பக்கத்தில் மாட்டினாள். மெல்லிய கம்பிக்கு அரை டிக்கெட் என்றும் பெருவிரல் தடிமனில் இருந்த கடைசிக் கம்பிக்கு முழு டிக்கெட் என்றும் பெயர் வைத்தாள். துணி ஊற வைக்கும் பெரிய பேசின் அவருடைய வெந்நீர்த் தொட்டியாயிற்று. முதல் வாரம் அவருக்குக் கையும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. அவளே செய்துவிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவள் பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அதே குரலில், "மூச்சை விடுங்க, விடுங்க, புடிக்காதீங்க, அவ்வளவுதான்" என்பாள். அவளிடம் அவர் எதற்கும் இத்தனை வருஷத்தில் நன்றி சொன்னதில்லை, அப்போதும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் காபிக்குச் சர்க்கரையைக் குறைத்துப் போட்டபோது ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அரை டிக்கெட் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. முழு டிக்கெட்தான் பாக்கி. சொல்லப்போனால் வயிறு மனிதரைவிடச் சீக்கிரம் திருந்திவிட்டது. கீரையும் பழமும் உள்ளே போனதும் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொண்டது. அந்த நேரம் நடுக்காலை. வேலை மும்முரமாக நடக்கிற நேரம், கொக்கியில் எப்போதும் ஏதாவது தொங்குகிற நேரம்.

முதல் நாள் மேலே அது வந்தபோது மேல்வீட்டுக்காரர் கீழே பார்த்தார். ஆட்கள் மஞ்சள் தொப்பிகளாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். தான் ஏணியில் இறங்குவதை ஒவ்வொரு தொப்பியும் நிமிர்ந்து பார்க்கும் என்று நினைத்ததுமே பக்கெட்டை உடைத்த உளிச் சத்தம் காதில் கேட்டது. அடக்கினார். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே அடங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டில் முக்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் அடக்கினார். அதற்கும் மறுநாளும்.

அடுத்த தடவை டாக்டர் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "முன்னால இருந்ததைவிட இறுகியிருக்கு. அடக்கறீங்களா?"

"இல்லைங்க."

"நீங்க பொய் சொல்லலாம், விரல் சொல்லாது. இன்னும் ஒரு தடவை பாக்கறேன். அடுத்த மாசம் பெரிய கம்பி போகலைன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுடுவேன்."

வெளியே வந்து மனைவி பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில், நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"கீழ இறங்கிட்டு ஏறினா என்ன, ஆகாயம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"மெதுவாப் பேசு. பேரு போயிடும்."

"எந்தப் பேரு? மேல்வீட்டுக்காரர்ங்கறதா? அது வாடகை குடுக்காதவனுக்கு வெச்ச பேரு. அதைக் கட்டிக் காப்பாத்த உடம்பை அறுத்துக்கணுமா?"

"உனக்குப் புரியாது. உன் பஸ்ஸு தரையில ஓடுது."

"ஆமா, தரையில ஓடுது. அதான் நான் நல்லாயிருக்கேன்" என்றாள். பஸ் வந்ததும் அவருக்கு முன்னால் ஏறி வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் காலத்தில் சைட்டில் இன்னொரு கிரேனும் வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்காக நிறுத்தியது. அதை ஓட்ட வந்தவள் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வேறு சைட்டில் சின்னக் கிரேன் ஓட்டிவிட்டு இங்கே வந்தவள். மேல்வீட்டுக்காரருக்கு அவளைக் குரலாகத்தான் தெரியும். எல்லாருடைய வாக்கிடாக்கியும் ஒரே அலைவரிசையில், ஒருவர் சொல்வது எல்லாருக்கும் கேட்கும். இரண்டு கிரேன்களின் நீண்ட கைகளும் ஒன்றின் பக்கம் ஒன்று வரும்போது, "அண்ணே, நான் திருப்பறேன்" என்பாள். "திருப்பும்மா" என்பார். கண்ணாடிக்குள் ஒரு நீலத் தொப்பி தெரியும்.

அவள் வந்த புதிதில் சைட்டே ஒரு விஷயத்துக்காகச் சிரித்துக் கிடந்தது. இவர் கிரேனுக்கு நம்பர் ஒன்று, அவளுடையதற்கு இரண்டு. கீழே இருந்து சுமை கட்டி அனுப்புகிற சிக்னல்காரர் வாக்கிடாக்கியில், "ஒண்ணுக்கு ரெடி, ரெண்டுக்குக் கொஞ்சம் இருக்கு, யாரும் அவசரப்படாதீங்க" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிற இடத்திலெல்லாம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இன்ஜினியர் தலையிட்டு, மேற்குக் கிரேன், கிழக்குக் கிரேன் என்று சொல்லச் சொன்னார். இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போது அப்படிச் சொன்னார்கள். இல்லாதபோது ஒண்ணும் ரெண்டும்தான்.

டாக்டர் கெடு வைத்த மாதத்தில் ஒரு நாள் பெரிய தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிகள் வாசல் வரை நின்றன. மேல்வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் அந்த நேரத்தில் வந்தது. வழக்கம்போல் காலை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கெட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது.

"சார், கொஞ்சம் இறங்கிட்டு வந்துடறேன்."

சூப்பர்வைசர் பதில் சொன்னார். கெட்டவர் இல்லை, லாரிகளின் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். "இப்பவாம்மா? லாரி நிக்கறது தெரியலையா? மேற்கால பாரு. மேல்வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நடுவுல இறங்கியிருக்காரா? அவர் என்ன மனுஷன் இல்லையா?"

"சரி சார், பாத்துக்கறேன்" என்றாள்.

மேல்வீட்டுக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீலத் தொப்பி முன்னால் குனிந்திருந்தது. ஒரு கை லீவரில், இன்னொரு கையை அடிவயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவருக்குத் தன் ஜூஸ் பாட்டில் நினைவு வந்தது. அவளுக்குப் பாட்டில் எப்படி உதவும் என்று இதுவரை ஒரு தடவைகூட அவர் நினைத்ததில்லை. நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கெட்டைத் தளத்தில் பத்திரமாக இறக்கி வைத்தார். கொக்கியைக் கழற்றச் சொன்னார். பிறகு பொத்தானை அழுத்தி, தன் வாயில் வந்ததைக் கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார்.

"ரெண்டுக்கு இறங்கணும்."

"ரெண்டுக்கு என்னண்ணே இறக்கணும்? கம்பியா, பலகையா?" என்றார் சிக்னல்காரர்.

"ஒண்ணும் இறக்க வேணாம். நான் இறங்கணும்."

வாக்கிடாக்கி கரகரத்தது. "கேபின்ல எதுனா கோளாறாண்ணே?"

"கேபின் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் கோளாறு. நான் வெளிக்குப் போகணும்."

யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்களுமா? லாரி நிக்குதுண்ணே. எத்தனையோ வருஷம் இருந்தவரு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதா?"

"எப்படி இருந்தேன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. ஒண்ணுக்கு பாட்டில் வெச்சிருந்தேன். ரெண்டுக்கு தினம் பேதிப் பொடி சாப்பிட்டு வந்தேன். சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குப் பின்னால வழி அடைஞ்சுபோச்சு. டாக்டரோட சுண்டு விரல் போகல. கம்பி விட்டு விரிச்சுக்கிட்டு இருக்கேன், அடக்கினா அறுத்துடுவேன்னு சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணை இறங்க விடுங்க. இனிமே என் பேரைச் சொல்லி யாரையும் மேல உக்கார வைக்காதீங்க."

இவ்வளவு நீளமாக அவர் வாக்கிடாக்கியில் பேசியதே கிடையாது. தளத்தில் கான்கிரீட்டைப் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு நின்றுவிட்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சூப்பர்வைசர் பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். கடைசியில், "ரெண்டு பேரும் இறங்கிட்டு வாங்க" என்றார்.

மேல்வீட்டுக்காரர் கிரேனின் கை காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும்படி பூட்டைத் தளர்த்திவிட்டு ஏணியில் கால் வைத்தார். ஆட்கள் பார்த்தார்கள்தான். சிரித்தார்கள்தான். சாயங்காலத்துக்குள் நாலு பட்டப்பெயர் வைத்தார்கள், அதில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது. டாக்டர் வைத்த கெடு முடிவதற்குள் முழு டிக்கெட் போயிற்று என்பதையும் கத்தி வேண்டியிருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டாக்டர் தூங்குகிற குரலில், "ம், இப்படியே இருங்க" என்றார். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் விசில் ஊதாத குறை. இப்போதும் வாரம் ஒரு தடவை கம்பி உண்டு. இப்போதும் நடுக்காலையில் அவர் இறங்குகிறார், ஏறுகிறார், லாரி நிற்கிறது. கான்கிரீட் ஒன்றும் பாறையாகிவிடவில்லை. அதற்குத் தகுந்த மாதிரி லாரியை வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அன்றைக்கு ஏணியில் இறங்கும்போது அவருக்கு அதெல்லாம் தெரியாது. வழக்கமாக எண்ணிக்கொண்டே இறங்குகிற ஏணிப் படிகளை அன்றைக்கு எண்ணாமல், அவசரத்தை மட்டும் நினைத்துக்கொண்டு இறங்கினார். தகரக் கொட்டகையாக இரண்டு கழிப்பறைகள் சைட்டின் மூலையில் இருந்தன. அவர் போய்ச் சேர்ந்தபோது ஒன்றிலிருந்து கிழக்குக் கிரேன் பெண் வெளியே வந்தாள். முதல் தடவையாக அவளைக் கிட்டத்தில் பார்த்தார். குரலை வைத்து நினைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தாள். உதடு வெடித்திருந்தது. நீலத் தொப்பியைக் கழற்றி, குழாயில் கை கழுவி, அதே கையால் தண்ணீரை ஏந்தி மடக் மடக்கென்று குடித்தாள். திரும்ப ஏந்திக் குடித்தாள்.

"வலிக்குதாம்மா?" என்றார்.

"போறப்ப எரியுதுண்ணே. ரத்தம் கலந்து போகுது. டாக்டர் சிறுநீர்ல கிருமின்னு மாத்திரை குடுத்தாங்க. விட்டு விட்டு வருது. தண்ணி குடிக்கணுமாம்."

"குடிக்க வேண்டியதுதானே?"

"குடிச்சா இறங்கணுமே."

அவர் வயிறு அவரை அவசரப்படுத்தியது. இருந்தும் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தனை நாளா இப்படி?"

"இங்க வந்ததுலேருந்துதாண்ணே. முந்தின சைட்ல இறங்கி ஏறிக்கிட்டுத்தான் இருந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. இங்க வந்து உங்களைப் பாத்தப்புறம்தான் நிறுத்தினேன்."

அதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.